தலை மட்டும் போதுமா?

ஆசிரியர் நாளன்று என் பழைய மாணவர் ஒருவர் பெட்டியொன்றைக் கொணர்ந்து தந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே வெண்பீங்கானால் ஆன பெண்ணுருவம் ஒன்று இருந்தது. தலை, கழுத்து, தோள், அவ்வளவே. தோளுக்குச் சற்றுக் கீழே கத்தியால் அரிந்தாற்போல் உருவம் முடிந்துவிட்டது. அடுக்கடுக்காய் உயர்ந்த கரண்ட மகுடம், காதில் குழை, தாழ்ந்த விழி, தோன்றியும் தோன்றாத முறுவல். சோழர் காலத்துச் செப்புத் திருமேனியை முன்வைத்து இக்காலக் கலைஞர் எவரோ புதுமையாக வடித்தது என்பது பார்த்த அளவிலேயே புலனாயிற்று. உடனிருந்த அட்டையில் ‘இந்தியத் தேவி’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. வேறொன்றும் இல்லை.

“யாரப்பா இந்த அம்மன்?” என்று கேட்டேன்.

அவர் சற்றே நாணினார். “தெரியவில்லை, ஐயா. அழகாக இருந்தது. நம்முடையது என்று தோன்றிற்று. வாங்கினேன்” என்றார்.

நம்முடையது என்று தோன்றிற்று. ஆனால் யார் என்று தெரியவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைப் பற்றியே நான் எழுதப் புகுகிறேன்.

அப்பீங்கான் உருவத்தைக் கண்ட நண்பர்கள் சிலர் கொதித்தெழுந்தனர். “தெய்வத்தைப் பூச்சாடியாக்கிவிட்டார்களே!” என்றார் ஒருவர். “ஐம்பொன்னில் வடிக்க வேண்டியதைக் கோப்பை செய்யும் மண்ணில் வடிப்பதா?” என்றார் மற்றொருவர். “தலையை மட்டும் வெட்டி வைப்பது அமங்கலம்” என்றார் இன்னொருவர். அவர்களுடைய சினத்தை நான் மதிக்கிறேன். பற்றில்லாதவனுக்குச் சினம் வாராது. ஆயினும் அவர்கள் சாட்டிய குற்றங்கள் தவறான இடத்தில் சாட்டப்பட்டவை என்பது என் துணிபு. குற்றம் இருக்கிறது. ஆனால் அது பீங்கானில் இல்லை, புதுமையில் இல்லை, தலை மட்டும் இருப்பதிலும் இல்லை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பீங்கான். தெய்வத்துக்கு அம்மண் ஆகாது என்போர் ஒரு மாலைப்பொழுதில் வாட்டர்லூ ஸ்திரீட் வரை நடந்து சென்று வரட்டும். அங்கே நம் கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனப் பெருமக்கள் கிருஷ்ணன் வாயிலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்தக் குவான் இம் யார்? இந்தியாவில் அவலோகிதர் என ஆண் வடிவில் வணங்கப்பெற்ற போதிசத்துவரே சீனம் சென்று, நூற்றாண்டுகள் கழிய, அருள் சுரக்கும் அன்னையாக வடிவெடுத்தார். அவலோகிதர் உறையும் போதலக மலை தென்னாட்டில் மலைய மலையின் அருகே உள்ளதென ஏழாம் நூற்றாண்டில் சுவான்சாங் எழுதி வைத்தார். அது நம் பொதிகையே எனக் கருதும் அறிஞரும் உளர். அத்தகைய அன்னையைப் பூக்கியன் மாநிலத்துத் தேகுவா நகரக் கைவினைஞர் பல நூற்றாண்டுகளாக வடித்து வருவது எதில்? பால்போன்ற வெண்பீங்கானில்! எம்ப்ரஸ் பிளேஸிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் அத்தேகுவாப் பீங்கான் வடிவங்கள் இருக்கின்றன. அவற்றின்முன் நின்று, ‘இது கோப்பை செய்யும் மண்’ என்று சொல்ல யாருக்கு நா எழும்?

ஆகவே பொருளில் இழிவில்லை. வடிவ மாற்றத்திலும் இழிவில்லை. ஆணைப் பெண்ணாக்கும் அளவுக்கு மாறியும் அந்தத் தெய்வம் தெய்வமாகவே நின்றதே! நாமும் மாற்றாதவர்கள் அல்லர். கல்லில் செதுக்கியதைச் சுதையில் வடித்தோம். சுதையில் வடித்ததைச் சிமெண்டில் கட்டி வண்ணம் தீட்டிச் சிராங்கூன் சாலைக் கோபுரங்களில் ஏற்றினோம். முன்னோர் செய்தவாறே இம்மியும் பிறழாது செய்வதே கலையென்றால் பல்லவர் குகையோடு நம் சிற்பம் நின்றிருக்கும்; சோழர் செம்பு பிறந்தே இராது.

அடுத்து, தலை மட்டும் இருத்தல் தகாது என்னும் வாதம். இவ்வாறு கூறுவோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றதில்லையா? 1827 இல் நாராயண பிள்ளை தொடங்கிய அத்திருக்கோயிலில் அரவான் இருக்கிறான். தலை மட்டுமே உள்ளவனாக, நாகம் குடைபிடிக்க, விழித்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக இருக்கிறான். ஐப்பசித் தீமிதிக்கு வரும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவரேனும், ‘இவனுக்கு உடல் எங்கே?’ என்று முகம் சுளித்ததுண்டா? இல்லை. ஏன்? அவனுடைய உடல் எங்கே போயிற்று என்பது அனைவர்க்கும் தெரியும். பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியானவன் அவன். போரின் முடிவு காணத் தன் தலைக்கு உயிர் வேண்டிப் பெற்றவன். அத்தலை, ஒரு கதையின் முடிவு. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் உடலின்றித் தலையளவாக அம்மன் வீற்றிருக்கும் கோயில்கள் உண்டு. அவ்வூரில் பிறந்த சிறுவனைக் கேட்டால் அவள் பெயரைச் சொல்வான். ஏன் தலை மட்டும் இருக்கிறது என்று அவன் பாட்டி சொன்ன கதையையும் சொல்வான்.

அரவான் தலைக்கும் என் மேசைமேல் இருக்கும் பீங்கான் தலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதற்குப் பெயர் உண்டு, பின்னதற்கு இல்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். “முகம் இருக்கிறதே, முகத்தைக் கண்டு பெயர் அறியலாகாதா?” என்று வினவலாம். அறியலாகாது. நம் செப்புத் திருமேனிகளின் தனித்தன்மையே அதில்தான் அடங்கியிருக்கிறது. சோழர் காலத்துச் சிற்பி தேவியர்க்கு வெவ்வேறு முகம் படைக்கவில்லை. உமைக்கும் திருமகளுக்கும் நிலமகளுக்கும் ஏறத்தாழ ஒரே முகம், ஒரே மகுடம், ஒரே முறுவல். வேறுபாட்டை அவன் உடலில் வைத்தான். திருமகளின் மார்பில் கச்சு இருக்கும்; நிலமகளின் மார்பில் இராது. திருமகள் இடக்கையில் மலர் ஏந்துவாள். நிலமகள் வலக்கையில் ஏந்துவாள். உமையம்மை இடையை ஒருபுறம் சாய்த்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, வலக்கை விரல்களை மலர் செருகத்தக்க கடக முத்திரையாகக் குவித்து, இடக்கையைப் பசுவின் வால்போல் இயல்பாகத் தொங்கவிட்டு நிற்பாள். உமையும் நிலமகளும் கையமைதியால் ஒத்திருப்பதும் உண்டு. அப்போது பெயரை எதைக்கொண்டு அறிவது? பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைக்கொண்டு. சிவன் அருகே நின்றால் உமை. திருமால் அருகே நின்றால் நிலமகள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால்? எந்த ஊர், எந்தக் கோயில் என்பதைக்கொண்டு.

ஆகவே நம் தெய்வத்தின் பெயர் முகத்தில் இல்லை. அது கையில் இருக்கிறது, நிற்கும் நிலையில் இருக்கிறது, துணையில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது. இந்நான்கையும் அரிந்தெறிந்துவிட்டு, பெயர் சொல்லாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘பழைய கலைக்குப் புதிய விளக்கம் தந்தேன்’ என்றால், விளக்கப்பட்டது யாது? படிக்காத நூலுக்கு உரையெழுதும் துணிவை வேறென்னென்பது?

மார்பளவுச் சிலை என்பது மேலைநாட்டார் வழக்கு. உரோமானியர் தம் முன்னோரின் முகம் மறந்துவிடலாகாதென்று அவ்வடிவைப் போற்றி வளர்த்தனர். முகத்தால் அறியப்படும் மானிடர்க்கு அது மிகப் பொருந்தும். அரும்பொருளகத்துக்கு வெளியே, ஆற்றங்கரைப் புல்வெளியில், 2011 இல் திறக்கப்பட்ட நேருவின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பெயர்ப்பலகையை மூடிவிட்டாலும், அவரை அறிந்தவர் அவர்தாம் என்பர். மேலைநாட்டாரும் தெய்வத்தின் உறுப்பை இழந்தபோது பெயரை இழக்க நேர்ந்தது. 1820 இல் மீலோஸ் தீவில் கிடைத்து, இன்று பாரிசின் லூவர் அரும்பொருளகத்தில் நிற்கும் வீனஸ் சிலைக்குக் கைகள் இல்லை. கையில் என்ன ஏந்தியிருந்தாள் என்பது தெரியாமையால் அவள் காதல் தெய்வமா கடல் தெய்வமா என அறிஞர் வழக்காடினர். காலம் அவளுடைய கையை ஒடித்தது, அது விதி. கை முழுதாக உள்ள ஒருத்தியை நாமே ஒடித்து விற்றால் அதற்குப் பெயர் என்ன?

இதுவரை பீங்கான் வடித்தவரைக் குறை கூறினேன். இனி நம்மைக் கூறப் போகிறேன். இந்தப் பீங்கான் தலைக்குச் சினந்த நாம், முழுத் திருமேனியோடு ஒருத்தி நம் நகருக்கு வந்து எட்டாண்டுகள் தங்கியபோது என் செய்தோம்?

2007 இல் ஆசிய நாகரிக அரும்பொருளகம் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி ஒன்றை நியூயார்க்கு வணிகரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உமா பரமேசுவரி என்பது அவளுடைய பெயர். விற்றவர் சுபாஷ் கபூர் என்பவருடைய கடையினர். அவள் பிறந்தகம் இன்றைய அரியலூர் மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூர்ச் சிவன் கோயில். அதே கோயிலின் நடராசரை 2008 இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஆக, ஆயிரம் ஆண்டளவு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்களில் ஐயன் கான்பராவில் நின்றார். அம்மை சிங்கப்பூரில் நின்றாள். மானிடக் குடும்பத்துக்கு இது நேர்ந்தால் கண்ணீர் வடிப்போம்.

இங்கே பிறிதோர் உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். கள்வர் அக்கோயிலில் புகுந்தது 2006 ஆம் ஆண்டளவில். களவு தெரிய வந்ததோ 2008 இல்! கோயில் பூட்டிக் கிடந்தது. பூசை நின்றிருந்தது. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றக் காவல் துறையினர் சென்று திறந்தபோதுதான் உள்ளே இருந்தவர்கள் இல்லை என்பதே உலகுக்குத் தெரிந்தது. கள்வன் திருமேனியைத் திருடும் முன்பே நாம் அவளை மறந்துவிட்டோம். மறக்கப்பட்டதே எளிதில் களவு போகிறது.

அவள் இங்கிருந்த காலத்தில் நானும் ஒருமுறை மாணவரை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றேன். சோழர் செப்புத் திருமேனிகளின்முன் அவர்களை நிறுத்தி, “இது சோழர் கலை, உலகம் போற்றும் கலை, தமிழர் பெருமை” என்றேன். பெருமிதத்தோடு சொன்னேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டனர். அடுத்த கூடத்துக்கு நகர்ந்தோம். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எப்படி இங்கு வந்தாள் என்று கேட்கவில்லை. கையின் குவிப்பைக் காட்டி, ‘இங்கே ஒரு மலர் இருந்திருக்கும்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘சோழர் கலை’ என்னும் இரண்டு சொற்களோடு என் கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன். ‘இந்தியத் தேவி’ என்று அட்டையில் அச்சிட்ட வணிகரின் இரண்டு சொற்களுக்கும் என் இரண்டு சொற்களுக்கும் என்ன வேறுபாடு? ஆசிரியப் பயிற்சி பெற்று ஆண்டுக்கணக்காகப் பணியாற்றியவன் நான். வணிகரினும் நானே பெரிய குற்றவாளி.

அவளை மீட்டது எது? பெருமைப் பேச்சன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில் கோயிலாகச் சென்று, திருமேனிகளை நிழற்படம் எடுத்து, இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன தெய்வம் என்று பொறுமையாகக் குறித்து வைத்திருந்தனர். களவு போன திருமேனிகளைப் பிற்காலத்தில் அடையாளம் காட்டியவை அப்படங்களே. அவற்றோடு உலக அரும்பொருளகங்களின் சிலைகளை ஒப்புநோக்கிக் கண்டு சொன்னவர்களுள் ஒருவர், நம் சிங்கப்பூரிலேயே கப்பல் துறையில் பணியாற்றிய தமிழரான எஸ். விஜய் குமார். ‘இந்தியா பிரைட் புராஜெக்ட்’ என்னும் தொண்டர் குழுவைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். நான் பார்த்தும் பாராதுபோன இடத்தில், அவர் போன்றோர் உற்றுப் பார்த்தனர். கபூர் 2011 இல் செருமனியில் பிடிபட்டார். 2012 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 இல் சிலைக் கடத்தல் வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. நடராசரை ஆஸ்திரேலியா 2014 இல் திருப்பித் தந்தது. உமையைத் திருப்பித் தரப்போவதாக நம் அரும்பொருளகம் 2015 இல் அறிவித்து, இந்தியாவிடம் ஒப்படைத்தது. பெரும்பொருள் கொடுத்து வாங்கியதைத் திருப்பித் தந்தது நேரிய செயல், அதனைப் பாராட்டுவோம்.

பெயரும் ஊரும் எழுதி வைக்கப்பட்டமையால் அவள் மீண்டாள். இந்த ஓருண்மையைப் பிள்ளைகள் நெஞ்சில் பதிய வைத்தால் போதும்; நூறு பெருமைப் பேச்சுக்கு அது ஈடாகும்.

“ஒரு மேசை அலங்காரப் பொருளுக்கு இத்துணைப் பெரிய வாதமா?” என்று சிலர் நகைப்பர். “கலைஞனுக்கு உரிமை இல்லையா?” என்பர். உரிமை உண்டு. அதனைப் பறிக்க நான் கேட்கவில்லை. அப்பீங்கானைத் தடைசெய் என்றோ கடையிலிருந்து அகற்று என்றோ நான் ஒருபோதும் சொல்லேன். தடை என்பது அறியாமைக்குப் போடும் திரை. இன்னும் சிலர், “அப்படியாவது நம் பிள்ளைகள் நம் கலையைக் காணட்டுமே” என்பர். இவ்வாதத்தில் வலு இருக்கிறது. கைப்பேசித் திரையன்றி வேறொன்றும் காணாத இளைஞர் ஒருவர் கடையில் நின்று, ‘இது நம்முடையது’ என்று ஒரு நொடி உணர்ந்தார். அந்த நொடியை நான் இழிவாகக் கருதவில்லை. அது வித்து. ஆனால் வித்தை மேசையில் வைத்து அழகு பார்த்தால் முளைக்குமா?

மெழுகில் உருவம் வடித்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்விடத்தில் செம்பை வார்த்து, பிறகு அச்சை உடைத்தெடுப்பது சுவாமிமலைத் தபதியர் இன்றும் கைக்கொள்ளும் முறை. உடைந்த அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு திருமேனியும் தனிப்பிறவி. ஓர் ஊருக்கென்றே பிறந்தது. பீங்கானோ பெரும்பாலும் அச்சில் கூழ்மண் ஊற்றி எடுப்பது. ஓர் அச்சில் பல பிறக்கும். எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஊரற்றதை ஊரற்றதென்று அறிந்து வைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் அதனையே அம்மையென்று எண்ணி, அதனோடு அமைந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுத்துச் செல்வது என்ன? மொழியிலும் இதுதானே நடக்கிறது! வணக்கம், நன்றி, பொங்கல் வாழ்த்து என நான்கு சொற்களை அழகாகச் சொல்லும் பிள்ளை, ஐந்தாவது சொல்லுக்கு ஆங்கிலம் தேடுகிறது. தமிழின் முகம் இருக்கிறது. கையும் காலும் எங்கே? தலை மட்டும் போதும் என்று மொழியிலும் நாம் முடிவு செய்துவிட்டோமா?

நான் வேண்டுவன மூன்றே. அருகில் உள்ளவை; செலவற்றவை. ஒன்று: தேக்காவுக்குக் காய்கறி வாங்கச் செல்லும் பெற்றோர் பத்து நிமிடம் ஒதுக்கி வீரமாகாளியம்மன் கோயிலிலோ சீனிவாசப் பெருமாள் கோயிலிலோ பிள்ளையை ஒரு திருவுருவத்தின்முன் நிறுத்தி, “கையைப் பார், என்ன ஏந்தியிருக்கிறது? பக்கத்தில் நிற்பது யார்?” என்று கேட்கட்டும். பக்தி இல்லாதவரும், பிற சமயத்தவரும் கேட்கலாம். எழுத்தைப் படிப்பது போல உருவத்தைப் படிப்பதும் கல்வியே. இரண்டு: ஆசிரியர்களாகிய நாம் அரும்பொருளகத்துக்கும் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லும்போது, ‘பெருமை’ என்னும் சொல்லைச் சற்றே அடக்கி, ‘எந்த ஊர்?’ என்னும் கேள்வியை எழுப்புவோம். மூன்று: கலைஞர்கள் தாராளமாகப் புதியன படைக்கட்டும், பீங்கானில், கண்ணாடியில், எதிலும் படைக்கட்டும். ஆனால் யாரைப் பார்த்துப் படைத்தார்களோ அவளுடைய பெயரையும் ஊரையும் அட்டையில் ஒரு வரி எழுதட்டும்.

என் மாணவர் தந்த பரிசை நான் திருப்பித் தரவில்லை. அன்போடு தந்ததை மறுப்பது பண்பாகாது. அது என் அறையில், வருவோர் கண்ணில் படும்படி இருக்கிறது. வருகின்ற மாணவரெல்லாம், “யார் ஐயா இவர்?” என்று கேட்கின்றனர். “கையும் இல்லை, ஊரும் இல்லை, ஆகவே யாரென்று சொல்ல இயலாது” என்று விடை கூறுகிறேன். பிறகு ஒரு தாளை எடுத்து, இடை சாய்ந்து, வலக்கை குவிந்து, இடக்கை தொங்க நிற்கும் ஓர் உருவத்தை எனக்குத் தெரிந்த அளவில் கோடுகளால் வரைந்து, அடியில் ‘உமையம்மை, ஸ்ரீபுரந்தான்’ என்று எழுதிக் காட்டுகிறேன். என் சித்திரம் அழகற்றது. ஆனால் அதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்தபடியாக ஸ்ரீபுரந்தான் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். பீங்கானைப் பார்த்து அக்கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை.